உங்களுக்குக் கை பழகவில்லை

சென்ற வாரம் தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தூண்டில் நரம்பு சுற்றும் இரண்டு ரீல்களின் படத்தைப் போட்டு, "ஜெயாக்கா, இதில் எது நல்லது?" என்று கேட்டிருந்தார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்ப்பதற்குள் நாற்பது பேர் பதில் போட்டுவிட்டார்கள். ஒன்றில் பேரிங் பத்து, மற்றதில் ஏழு. ஒன்றில் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் ஏழு சுற்று சுற்றும், மற்றதில் எட்டு. ஒன்றில் காந்த பிரேக். மற்றதில் சில்லு வைத்த பிரேக். அதுவே கணக்குப் போட்டு அதுவே அடக்கிக்கொள்ளுமாம். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதினேன். உடனே பத்துப் பேர் கும்பிடு போட்டார்கள். அக்காவுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஒருவர் எழுதினார்.

அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்த ரீல்களைக் கழற்றிப் பூட்டியவள் நான். வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் ஆனபோது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் படபடவென்று பதில் சொல்லியிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவில்லை. ஏன் தெரியாமல் போனது என்று குழுவில் எழுத முடியாது, நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தையல் மெஷினிலிருந்து வந்தவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் மெஷின் சர்வீஸ் கடை ஒன்றில் பதினோரு வருடம் இருந்தேன். அந்தக் கடை மூடிய சமயத்தில், சிதம்பரத்தில் தூண்டில் சாமான் விற்கும் ஒருவர் சின்ன ஸ்க்ரூவைத் தொலைக்காத ஆளாகத் தேடுகிறார் என்று என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். ராஜமாணிக்கம் முதலாளி ஒரு ரீலைக் கையில் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் சொன்னார். பூட்டி முடித்தபோது ஒரு ஸ்பிரிங் மிச்சம். அதை மறைக்காமல் மேசைமேல் வைத்தேன். "நாளைக்கி வாங்க" என்றார். அவ்வளவுதான் என்னுடைய இன்டர்வியூ. மறுநாளிலிருந்து காலை ஏழே காலுக்குக் கடலூர் பழைய நகரத்தில் சிதம்பரம் பஸ் ஏறத் தொடங்கினேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திட்டவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார். அவர் பேசாமல் துடைக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்துதான் நான் வேலை கற்றேன் என்று சொல்லலாம்.

"எந்த ராடு நல்லது?" என்று தூண்டில் கம்பைப் பற்றி யாராவது கேட்டால் அவர் வாயால் பதில் சொன்னதே இல்லை. ஒரே மாதிரி இரண்டு ரீலை இரண்டு ராடில் பூட்டி, வந்தவரின் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்று தெருவைப் பார்ப்பார். ஒரு டீ குடிக்கும் நேரம் கழித்து உள்ளே வந்து ராடுகளைக் கை மாற்றிக் கொடுப்பார். மறுபடி வாசல், மறுபடி ஒரு டீ நேரம். அப்புறம்தான் கேள்வி: "எது வலிச்சிது?" வலித்ததை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்க விடமாட்டார். பெட்டியின் மேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அந்த பாஸ் மீன் நம் பக்கத்து ஆற்றிலும் ஏரியிலும் கிடையாது. அதைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்பார். வீராணத்து விராலுக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக் கொடுவாவுக்கும் தோதான ராடு எது என்பது வீசுகிறவர் தோளுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

பழைய ராடு வந்தால் முதல் வேலை பஞ்சு. ராடின் மேல் வரிசையாக இருக்கும் வளையங்களுக்குள் பஞ்சுத் துணுக்கை விட்டு இழுக்க வேண்டும். வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். விரிசல் லைனை, அதாவது தூண்டில் நரம்பை, அறுக்கும். லைன் அறுந்தால் ரீலைத்தான் திட்டுவார்கள்.

ரீலுக்கு வருகிறேன். இந்த பெயிட்காஸ்டிங் ரீலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீசும்போது நுனியில் கட்டிய எடை பறந்துபோய் லைனை இழுக்கும். அந்த இழுப்பில், லைன் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் தானாகச் சுற்றும். எடை காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுற்றினால், வெளியே போக இடமில்லாத லைன் உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். அந்தச் சிக்கை எடுக்க அரைமணி ஆகும், சில சமயம் கத்திரிதான். இதைத் தடுக்க மூன்று வழி. ஸ்பூலை இறுக்கும் ஒரு திருகு. உள்ளே ஒரு பிரேக். மூன்றாவது வீசுகிறவரின் கட்டைவிரல். ஸ்பூல் மேல் பட்டும் படாமல் விரலை வைத்து அடக்க வேண்டும். புதிதாக இந்த ரீலை வாங்குகிறவர்கள் எல்லோருமே சிக்கோடு மல்லுக்கட்டித்தான் பழகுவார்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: "ரீல் நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் கை பழகல."

முதலாளியின் முறை இது. மேசையில் ஈரம் பிழிந்த வெள்ளைத் துணியை விரிக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் இடமிருந்து வலமாக, வந்த வரிசையில் வைக்க வேண்டும். துணி ஈரமாக இருந்தால் ஸ்பிரிங் உருண்டு ஓடாது. பேரிங்கைப் பெட்ரோலில் அலசி, ஊதி, காய்ந்ததும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இரண்டாவது சொட்டு விட்டால் கண்ணாடி துடைக்கத் தொடங்கிவிடுவார். பல்சக்கரத்துக்குக் கிரீஸ், பிரஷ்ஷில் தடவிப் பாதியை வழித்துவிட்டு. உப்புத் தண்ணீரில் போய் வந்த ரீலைக் குழாயடியில் காட்டக் கூடாது. தண்ணீர் வேகத்தில் உப்பு உள்ளே ஏறும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மீன் இழுக்கும்போது வழுகிக் கொடுக்கும் கார்பன் தட்டுகளை, வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும்.

பூட்டிய பிறகு ராடில் மாட்டி, நுனியிலிருந்து பத்துக் கிராம் ஈயக்கட்டியைத் தொங்கவிட்டு, ஸ்பூலின் பிடியை விடுவேன். ஈயம் மெல்ல இறங்கித் தரையைத் தொட்ட கணமே ஸ்பூலும் நிற்க வேண்டும். நிற்கும்வரை திருகைச் சரிசெய்வேன். அது உள்ளே நடக்கும் பரீட்சை. அடுத்தது கடைக்குப் பின்னால், அரிசி மண்டிக்குப் பக்கத்துக் காலி மனையில். முப்பது தப்படி தள்ளி ஒரு பழைய ஸ்கூட்டர் டயர் கிடக்கும். பத்து முறை வீச வேண்டும். சிக்கு விழக் கூடாது, ஈயம் டயர்வரை போக வேண்டும். டயரைத் தொடாத ரீல் கடையை விட்டுப் போகக் கூடாது. இரண்டும் சரியென்றால் ஒரு சிறிய சீட்டில் 'ஜெ' என்று எழுதி ரீலில் கட்டுவேன். என் சீட்டு கட்டிய ரீலை முதலாளி திறந்து பார்த்ததில்லை. அவருக்குத் தோள்பட்டை இறுகிப் போய்ப் பல வருடம். அவர் வீசுவதும் இல்லை.

மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் முதல் மாதம் முழுக்க வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாக்கா, மண்ணுல கெண்ட கெடைக்குதா?" என்று கேட்பார்கள். "கெடச்சா ஒனக்குத்தான் மொத கொழம்பு" என்பேன். நானும் மீன் பிடித்ததே இல்லை. இத்தனை வருடமும் வெறும் தரையில்தான் வீசினேன். ஆனால் எனக்குச் சிக்கு விழாது. நான்காவது வருடத்துக்குப் பிறகு ஒரு சிக்குகூட விழுந்ததாக நினைவில்லை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் சிக்கு விழுகிறது என்று ரீலைக் கொண்டுவந்தார். அவர் முன்னாலேயே பத்து முறை வீசிக் காட்டிவிட்டு, "பாத்தீங்களா, கை பழகணும்" என்று சொல்லி அனுப்பினேன். பாவம், சிரித்துக்கொண்டே போனார். எனக்குக் கர்வம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இனி, எனக்குப் பதில் தெரியாமல் போன அந்தக் கதை.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆனி மாதக் கடைசி. செல்வமணி நான்கு ரீல்களைச் சர்வீஸுக்குக் கொண்டுவந்தான். பரங்கிப்பேட்டைக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பு பெரிய போட்டில் கூலிக்குக் கடலுக்குப் போனவன். ஒரு சின்ன ஃபைபர் படகை வாங்கி, தூண்டில் போட வருகிறவர்களை முகத்துவாரத்துக்குள் கூட்டிப்போகும் தொழிலுக்கு மாறியிருந்தான். ராடு, ரீல் எல்லாம் அவனே கொடுப்பான். நெய்வேலியில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற மூர்த்தி சார் என்பவர்தான் அவனுக்கு ஆதாரம். மாதம் இரண்டு ஞாயிறு, சென்னை நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு வருவார். அந்த இரண்டு ஞாயிற்றில்தான் செல்வமணியின் மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கையும் முறைப்படி செய்தேன். உள்ளே ஈயம் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றது. வெளியே போனால் டயருக்கு ஐந்தாறு தப்படி முன்னாலேயே விழுந்தது. அந்த வருடம் எல்லா ரீலுமே இப்படித்தான் சண்டித்தனம் செய்தன. ஆடிக்காற்று முன்கூட்டியே வந்துவிட்டது என்று நினைத்தேன். திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன், பிரேக்கைக் குறைத்தேன். டயரைத் தொட்டது. சிக்கும் இல்லை. சீட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

பத்து நாளில் திரும்பி வந்தான். "அக்கா, நாலும் சிக்கிக்கினே இருக்குதுக்கா. ஒரு ஞாயித்துக்கெழம பூரா சிக்கெடுத்துக்கினே இருந்தோம்."

அவனைப் பின்பக்கம் கூட்டிப்போய் வீசிக் காட்டினேன். நான்கிலும் ஒரு சிக்குகூட இல்லை. அவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"யாரு வீசனது?" என்று கேட்டேன்.

"மூர்த்தி சார்தாங்கா. அவரு பதினஞ்சு வருசமா வீசறாரு."

"வயசு?"

"அறுவத்தெட்டு, அறுவத்தொம்போது இருக்கும்."

"அப்ப கை நடுக்கமா இருக்கும். ரீல் மேல குத்தம் இல்ல. பக்குவமா எடுத்துச் சொல்லு."

கை நடுக்கம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை.

மூன்றாவது தடவை வந்தபோது ஆவணி பிறந்திருந்தது. ரீல்களை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான். "சார் இனிமே வரலன்னுட்டாருக்கா. அவரு கூட்டியாந்த ரெண்டு பேரு மட்டும் கடைசியா ஒரு தடவ பாக்கறோம்ன்றாங்க. வர்ற ஞாயித்துக்கெழம. அன்னிக்கும் சிக்குச்சின்னா அவுங்களும் பழவேற்காட்டுப் பக்கம் போயிடுவாங்க. அப்பறம் நான் படக வித்துட்டு பழையபடி பெரிய போட்ல ஏற வேண்டியதுதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கையும் மறுபடி திறந்தேன். பேரிங்குகளை மாற்றினேன். லைனை முழுக்க உருவிவிட்டுப் புது லைன் சுற்றினேன். ஈரத்துணியில் வரிசையாகப் பாகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தப் பாகம் பொய் சொல்கிறது என்று பார்த்தேன். எதுவும் பொய் சொல்லவில்லை. கடைசியில் அதே மாடலில் புது ரீல் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தேன். கம்பெனி வைத்த அளவைத் தொடாமல் அப்படியே வீசினேன். டயருக்கு எட்டுத் தப்படி முன்னால் விழுந்தது. பத்துமுறையும் அப்படியே. 'புது ரீலையே கெடுத்து அனுப்பியிருக்கிறான் கம்பெனிக்காரன்' என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு விதமாகத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்றுவரைக்கும் எனக்கு ஆச்சரியம்.

முதலாளியிடம் சொன்னேன். "புதுசும் டயர்ல உழலியா?" என்று கேட்டார்.

"உழல முதலாளி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்மேல் கோபமா, கம்பெனிமேல் கோபமா தெரியவில்லை. மறுபடி துடைத்தார். "ஞாயித்துக்கெழம நீங்களும் படகுல போங்க. ரீலப் பாக்காதீங்க. வீசறவங்களப் பாருங்க" என்றார்.

மாதா கோயில் பூசைக்குப் போகாமல் நான் கழித்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. காலை ஏழு மணிக்குப் பரங்கிப்பேட்டைக் கரையில் படகில் ஏறினேன். சென்னைக்காரர்கள் இருவர், ஒருவர் கனத்த உடம்பு, மற்றவர் கண்ணாடி போட்டவர். செல்வமணி என்னை, "நம்ம ரீல் பாக்கறவங்க" என்று அறிமுகம் செய்தான். கனத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வீச்சிலேயே அவருக்குச் சிக்கு. இரண்டாவது வீச்சில் கண்ணாடிக்காரருக்கு. நான் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பே இல்லை. மணிக்கட்டு சரி. விரலை எடுக்கும் நேரம் சரி, வைக்கும் நேரம் சரி. எங்கள் மண்டிப் பக்கத்து மனையில் நான் வீசுவதைவிட அழகாக வீசினார்கள். இவர்களைப் பார்த்தா கை பழகவில்லை என்று சொன்னேன்? அப்படியானால் ரீலில்தான் கோளாறு. ஆனால் ரீலில் கோளாறு இல்லை, நானே பூட்டியவள். எனக்குத் தலை சுற்றியது, படகு ஆடியதால் மட்டும் அல்ல.

"குடுங்க" என்று கனத்தவரின் ராடை வாங்கி வீசினேன். சிக்கவில்லை. மறுபடி வீசினேன், இன்னொரு ராடை வாங்கியும் வீசினேன். பதினைந்து இருபது தடவை இருக்கும். ஒரு சிக்கு இல்லை.

கண்ணாடிக்காரர் கேட்டார்: "நீங்க வீசினா சிக்கலைங்க, சரி. ஆனா ஏன் நாங்க வீசற தூரத்துல பாதிதான் போகுது?"

இருபது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதற்குள் செல்வமணி துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"அக்கா, வெரல்ல ரத்தம்."

குனிந்து பார்த்தேன். வலது கட்டைவிரலின் உள்பக்கச் சதை பிளந்திருந்தது. ஸ்பூலில் வெள்ளையாக இருக்க வேண்டிய லைன் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சிவப்பாக இருந்தது. எப்போது அறுத்தது? தெரியவில்லை. வலிக்கவில்லை. ரத்தத்தைக் கழுவ, படகு ஓரமாகக் குனிந்து விரலைத் தண்ணீருக்குள் விட்டேன். முகத்துவாரத்து உப்புத் தண்ணீர். எரியவில்லை. இன்னும் ஆழமாக விட்டுப் பார்த்தேன். தண்ணீர் குளிர்ச்சியா வெதுவெதுப்பா என்றுகூட அந்த விரலுக்குத் தெரியவில்லை. மற்ற கையால் அந்தச் சதையைக் கிள்ளினேன். யாரோ யாரையோ கிள்ளுவது போல இருந்தது.

எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போடுவேன், மறந்த நாள்களும் உண்டு. சர்க்கரை காலைத்தான் பிடிக்கும் என்று கேள்விப்பட்டுக் காலை மட்டும் தினமும் பார்த்துக்கொள்வேன். கையைப் பார்க்க வேண்டும் என்று யார் நினைத்தார்கள்?

படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. என் விரல் ஸ்பூலைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டும் படாமல் அல்ல, அழுத்தி. எனக்கு அது தெரியவில்லை. விரல் பிடித்துக்கொண்டால் எப்படிச் சிக்கும்? பிடித்துக்கொண்டால் எப்படித் தூரம் போகும்? தூரம் போகவில்லை என்று நான் ஒவ்வொரு ரீலாகத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறேன். என் செத்த விரலை மீறி டயரைத் தொடும் அளவுக்குத் தளர்த்திய ரீலை, உயிருள்ள விரல்காரர் வீசினால் சிக்காமல் என்ன செய்யும்?

அழுகைதான் வந்தது. ஆனால் இரண்டு பேர் சிக்கோடு உட்கார்ந்திருந்தார்கள், செல்வமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நான்கு ராடுகளையும் வாங்கினேன். ஈயத்தைத் தொங்கவிட்டு, படகின் தளத்தைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும்படி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து இறுக்கினேன். நான் வீசவில்லை. அவர்களிடமே கொடுத்தேன். "வீசுங்க சார். சிக்கற மாதிரி இருந்தா சொல்லுங்க, பிரேக்க ஒரு புள்ளி ஏத்தறேன்." வீசினார்கள். ஒரு புள்ளி ஏற்றினேன். வீசினார்கள். மறுபடி அரைப் புள்ளி. ஒன்பது மணிக்கு மேல் ஒரு சிக்கும் விழவில்லை. பெரிய மீன் ஒன்றும் மாட்டவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. இறங்கும்போது கனத்தவர் செல்வமணியிடம் அடுத்த மாதத்துக்கு நாள் குறித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "எக்ஸ்பர்ட் வந்தாதான் சரியாகுது" என்றார். நான் கைக்குட்டை சுற்றிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர்கள் கார் போன பிறகு செல்வமணியிடம் சொன்னேன். "மூணு தடவயும் தப்பு என்னுதுதான். ரீல நான்தான் கெடுத்து வெச்சிருந்தேன்."

அவனுக்கு முதலில் சந்தோஷம்தான். படகு பிழைத்துவிட்டதே. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "உடுங்கக்கா, வேணும்னா செஞ்சீங்க" என்றான். பிறகு கயிறு சுருட்டுவதை நிறுத்தினான்.

"அப்ப சார்கிட்ட நான் சொன்னது?"

"இன்னா சொன்ன?"

"நீங்க சொன்னதத்தாங்கா. வயசாயிடுச்சி சார், கை நடுங்குது, அதான் சிக்குதுன்னு. படகுல எல்லார் முன்னாடியும் சொன்னேன்." தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "அன்னிக்கி அவரு கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கினே வந்தாருக்கா. அப்பறம் வரவே இல்ல."

அவர் நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடலூர் வரும்வரை போனைக் கையில் வைத்திருந்தேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் விரலைக் காட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தினி நாளா?"

"தெரியல முதலாளி."

கண்ணாடியைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன். கழற்றவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆறு மாதமா, இரண்டு வருடமா, ஐந்து வருடமா? எந்தச் சீட்டுவரை என் விரல் உயிரோடு இருந்தது, எந்தச் சீட்டிலிருந்து செத்தது? விரல் செத்த நாள் என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு. அதன் பிறகு நான் வேலையில் இருந்த ஏழு மாதமும் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு ரீலைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொண்டுவந்தவர்களும் உண்டு. "இது மாதிரி தூரம் போற ரீலே கெடையாதுக்கா, தொட உடமாட்டேன்" என்று சண்டை போட்டவர்களும் உண்டு. தப்பாக வைத்த ரீலில் பழகி, அதையே நல்லது என்று வைத்திருப்பவர்களிடம் என்ன சொல்வது? எது நல்ல ரீல் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமல் போனது அந்த ஏழு மாதத்தில்தான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை முதலாளி அதைப் பற்றியெல்லாம் பேசவில்லை. கடையின் போனை என் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல அவருக்குப் பண்ணுங்க" என்றார். எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

மூர்த்தி சார் மூன்றாவது மணியில் எடுத்தார். குரல் நிதானமாக இருந்தது. நான் யார் என்று சொன்னேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கடைசியிலிருந்து தொடங்கினேன். "சார், உங்க கை நல்லாத்தான் இருந்துது. நடுக்கம் எதுவும் இல்ல. ரீலத்தான் நான் தப்பா வெச்சுக் குடுத்துட்டேன். செல்வமணி மேல தப்பு இல்ல, அவனுக்குச் சொன்னதே நான்தான்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"இந்தக் கைக்கு ஒரு மாசமா பாண்டிச்சேரிக்குப் போயி டாக்டரைப் பாத்துட்டு இருக்கேம்மா" என்றார். "ஸ்கேன் எடுத்தாச்சு. நரம்புக்கு ஊசி குத்திப் பாக்கற டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லேங்கறார். ஒண்ணும் இல்லாம எப்படி டாக்டர் சிக்குதுன்னு நானும் விடாம கேக்கறேன். அவருக்கும் புரியல."

அவர் போனை விலக்கிவிட்டு உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது: "அடியே, கை நல்லாத்தான் இருக்காம்!" அந்தக் குரலில் கோபம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது.

"யாரு சொன்னா?" என்று ஒரு பெண் குரல்.

"ரீல் ரிப்பேர் பண்ற அம்மா."

"டாக்டருக்கே தெரியல. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்துக்கொண்டே போனுக்கு வந்தார். "எப்படித் தெரியும்னு கேக்கறாம்மா."

சொன்னேன். லைன் அறுத்ததை, உப்புத் தண்ணீரில் விரலை விட்டதை, எரியாமல் இருந்ததை, நான் கிள்ளிப் பார்த்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார்."

"என்னம்மா நீங்க! எங்க டாக்டர் கைக்குன்னே பாக்கறவர். ரொம்பப் பொறுமைசாலி. புதன்கிழமை எனக்கு நேரம் வாங்கி வெச்சிருக்கேன், இனிமே அது எனக்கு எதுக்கு? நீங்க போங்க." பேனா இருக்கிறதா என்று கேட்டார். நம்பரை இரண்டிரண்டு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இடது கையால் எழுதிக்கொண்டேன்.